ஆஸ்பத்திரிக்குப் போகும் 'த'

'பழைய இங்கிலீஷ்' என்று ஒன்று இருக்கிறதாம். என்னிடம் இருப்பது அதுதானாம். போன சனிக்கிழமை, பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டியூட்டரி நடத்தும் இளைஞர் ஒருவர் சிரித்த முகத்தோடு இதை எனக்குச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? "பரவால்ல ஐயா, ஒங்க காலத்துல அப்பிடித்தானே" என்று ஆறுதலும் சொன்னார். பழைய இங்கிலீஷ் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த ஆறுதல்தான் இன்னும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள். மாதிரி வினாத்தாளில் ஒரு கேள்வி: 'மை ஃபாதர் கோஸ் டு கோடு ஹொஸ்பிட்டல் எவ்ரி டே.' கோட்டில் 'அ', 'ஆன்', 'த' மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். ஒன்றும் வராது என்றால் பெருக்கல் குறி. பிள்ளை 'த' போட்டிருந்தாள். அதன் மேல் சிவப்பில் ஒரு கீறல். பக்கத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறிகள். இலக்கணப் பிழைக்கு ஒரு ஆச்சரியக்குறியே அதிகம் என்பது என் கட்சி.

பிள்ளையின் அப்பா த்ரீவீல் ஓட்டுகிறவர். பெரியாஸ்பத்திரி வாசலில்தான் அவருக்கு ஸ்டாண்ட். ஆகவே அவர் தினமும் போவது 'த ஹொஸ்பிட்டல்'. படுக்கப் போகிற நோயாளிக்குத்தான் 'த' கிடையாது. பார்க்கப் போகிறவர், சோற்றுப் பார்சல் கொண்டு போகிறவர், பைப் திருத்தப் போகிறவர், த்ரீவீல் நிறுத்துகிறவர் எல்லாருக்கும் உண்டு. பிள்ளை எழுதியது சரி. மாஸ்டரோ அந்த ஒரு பெருக்கல் குறியால், நல்ல திடகாத்திரமான மனுஷனைத் தினமும் வார்ட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார். இதைச் சொல்லத்தான் மாடி ஏறினேன். "ஸ்கூல், சர்ச், ஹொஸ்பிட்டல், பிரிசன் நாலுக்கும் 'த' வராது ஐயா. பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணக் குடுத்திருக்கேன்" என்றார். நான் விளக்கினேன். அப்போதுதான் அந்தப் பழைய இங்கிலீஷ் வந்தது.

'த' எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு ஒரே ஒரு விதி உண்டு. தோட்டத்து ஒஃபீஸில் கிளாக்கராக உட்கார்ந்து, வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் பார்த்துப் பார்த்து நானாகக் கண்டுபிடித்த விதி. இந்தக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். அவசரக்காரர்கள் இப்போதே கடைசிக்குப் போக வேண்டாம், நடுவில் உள்ளதைப் படித்தால்தான் அது விளங்கும்.

திருத்துவது என்பது ஒரு வியாதி. உங்களுக்கும் இருக்கிறது, மறைக்காதீர்கள். கலியாணக் கார்ட் வந்தால் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்றா பார்க்கிறோம்? ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பி, 'ரிக்குவெஸ்ட் த பிளெஷர்' என்ற இடத்தில் 'த' விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விழாமல் இருந்தால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டுத்தானே மாப்பிள்ளை பெயரைப் படிக்கிறோம்? என் சட்டைப் பையில் நீலப் பேனா இல்லாத நாள் உண்டு, சிவப்புப் பேனா இல்லாத நாள் இல்லை. எல்ல டவுனுக்குப் போனால் வெள்ளைக்காரர்கள் மலையைப் பார்க்கிறார்கள், நான் ரொட்டிக்கடைப் போர்டைப் பார்க்கிறேன். "நீங்க செத்தாலும் எழும்பி மரண அறிவித்தலைத் திருத்திட்டுத்தான் மறுபடி படுப்பீங்க" என்பது என் மனைவியின் கருத்து. அதிலும் பிழை இருந்தால் வேறென்ன செய்வது?

சரி, ஊருக்குள் வருவோம். பதுளை டவுனில் 'த'வைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள், இங்கிலீஷ்காரனின் மனசு தெரிந்துவிடும்.

முதலில் செயின்ட் மார்க்ஸ் தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணப் போகிறவர் 'கோஸ் டு சர்ச்'. 'த' இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்க்கப் போகிற பாஸ் 'கோஸ் டு த சர்ச்'. பக்தனுக்கு இல்லாதது பாஸுக்கு இருக்கிறது. சரி, போகட்டும். அங்கிருந்து நடந்து கோயிலுக்கு வாருங்கள். இங்கே கும்பிடப் போனாலும் 'த', சுண்டலுக்குப் போனாலும் 'த', செருப்பைத் தேடப் போனாலும் 'த'. முத்தியங்கணை விகாரைக்குப் போனாலும் அப்படித்தான், பள்ளிவாசலுக்குப் போனாலும் அப்படித்தான். சர்ச் மட்டும் இங்கிலீஷ்காரனுக்குச் சொந்த வீடு, 'த' என்ற கதவைத் தட்டாமல் உள்ளே போகலாம். மற்ற தெய்வங்களெல்லாம் வெளியாட்கள். இது இலக்கணமா, காணி உறுதியா?

பள்ளிக்கூடம். பிள்ளை 'கோஸ் டு ஸ்கூல்'. பிள்ளை செய்த வேலைக்காகப் பிரின்ஸிபல் கூப்பிட்டு அனுப்பினால் அப்பன் 'கோஸ் டு த ஸ்கூல்'. மறியல் வீடும் அப்படியே. கைதி 'இன் பிரிசன்'. அவனைப் பார்க்கப் பொட்டலத்தோடு வெயிலில் நிற்கிற பெண்சாதி 'அட் த பிரிசன்'. உள்ளே இருக்கிறவனுக்கு 'த' இல்லை, வெளியே நிற்கிறவளுக்கு உண்டு. யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு ஞானம் இருக்கிறது. யோசிக்காமல் விட்டால் நிம்மதி இருக்கிறது.

பஸ். 'பை பஸ்' என்றால் 'த' கிடையாது. ஏறிவிட்டால் 'ஒன் த பஸ்'. பசறை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, 'த' கிடைக்கும். ரயிலுக்கும் இதே சட்டம். 1924இல் பதுளை வரை தண்டவாளம் வந்து சேர்ந்தது, அதற்கு மேல் பாதை இல்லை. 'த' மட்டும் அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருக்கிறது. நைன் ஆர்ச் பாலத்துக்கு 'த' உண்டு. அதைத் தாண்டி வருகிற தெமோதரை ஸ்டேஷனுக்குக் கிடையாது. உடரட்ட மெனிக்கேக்கு உண்டு, அவள் வந்து நிற்கிற பதுளைக்கு இல்லை.

பதுளு ஓயாவுக்கு 'த' உண்டு, ஏனென்றால் ஆறு. வாவிக்கு இல்லை. கடலுக்கு உண்டு. நமுனுகுல மலைக்கு இல்லை. எவரெஸ்ட்டுக்கே இல்லை என்கிறபோது நமுனுகுலவுக்கு என்ன வருத்தம்? ஆனால் ஹிமாலயாஸ் என்று மொத்தமாகச் சொன்னால் 'த' உண்டு. மலை ஒற்றையாய் நின்றால் ஒன்றும் கிடையாது, கூட்டமாய் நின்றால் கிடைக்கும். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற தோட்டத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாலைதீவுக்கு 'த', பிலிப்பைன்ஸுக்கு 'த', ஸ்ரீலங்காவுக்குக் கிடையாது. ஆனால் அதே நாடு 1978 அரசியலமைப்பின்படி முழு உடுப்பும் போட்டுக்கொண்டு 'டெமோக்ரடிக் சோசலிஸ்ட் ரிப்பப்ளிக்' என்று புறப்பட்டால், முன்னால் ஒரு 'த' கட்டியம் கூறிக்கொண்டு போகும்.

வேலைக்கு வருவோம். கொழுந்து எடுக்கப் போகிறவள் 'கோஸ் டு வேர்க்'. 'த' இல்லை. ஒஃபீஸுக்குப் போகிற நான் 'கோ டு த ஒஃபீஸ்'. எனக்கு உண்டு. தோட்டத்தில் ஸ்டாஃபுக்கு ஒரு நியாயம், லயத்துக்கு ஒரு நியாயம் என்று பேசுவார்கள். இலக்கணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வெலிமடை விவசாயி கிழங்கு விற்கப் போனால் 'கோஸ் டு மார்க்கெட்'. நான் அந்தக் கிழங்கை விலை கேட்டுவிட்டு வாங்காமல் வரப் போனால் 'கோ டு த மார்க்கெட்'. காய்ச்சலில் 'ஃப்ளூ'வுக்கு 'த' சேர்ப்பார்கள், மலேரியாவுக்குச் சேர்ப்பதில்லை. வயலின் வாசித்தால் 'த', கிரிக்கெட் விளையாடினால் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு இல்லை, சாப்பிட்டதற்கான பில்லுக்கு உண்டு. இதில் அமெரிக்கன் வேறு குறுக்கே வந்து நோயாளிக்கும் 'த' கொடுத்துவிடுகிறான். அவன் ஊரில் ஆஸ்பத்திரிச் செலவு அப்படி, ஒரு 'த'வையாவது இனாமாகக் கொடுக்கட்டும்.

யானைக்கு வேறு சட்டம். 'தி எலிஃபன்ட் இஸ் அ பிக் எனிமல்' என்று நாமெல்லாம் படித்தோமே, அந்த 'தி' ஒற்றை யானையைச் சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் உலகத்து யானை எல்லாம் அடக்கம். இந்த விதி புரியாத ஒரு இங்கிலீஷ்காரரும் இருந்தார். பதுளையில் உதவி அரசாங்க ஏஜன்டாக இருந்த மேஜர் ரோஜர்ஸ். ஒவ்வொன்றாகச் சுட்டு 1,400க்கு மேல் முடித்தார் என்று பேச்சு. 1845இல் ஹப்புத்தளையில் அவரை மின்னல் அடித்தது. மின்னல் ஒன்றே ஒன்றுதான், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. மேலே சொன்ன செயின்ட் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டியது. யானைகளுக்கு நினைவாலயம் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கே விட்டேன்? 'அ', 'ஆன்'. இது லேசு என்று நினைக்கிறார்கள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே, 2005இல் வந்தது. அதில் படிக்கிற பிள்ளையைச் சொல்லும்போது 'அ யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்'. முன்னால் ஊவாவைச் சேர்த்தால் 'ஆன் ஊவா வெல்லஸ்ஸ யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்'. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். யுனிவர்சிட்டியில் அது 'யு' என்று ஒலிக்கிறது, ஊவாவில் 'ஊ' என்று ஊதுகிறது. எழுத்தைப் பார்க்காதே, காதைக் கொடு என்பதுதான் சட்டம். இதைப் பார்த்து நாம் சிரிக்கவும் முடியாது. 'ஓர் ஊர்' என்று எழுதாமல் 'ஒரு ஊர்' என்று எழுதிவிட்டால் நம்முடைய தமிழபிமானிகள் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுகிற கடிதங்கள் தெரியாதா? மேலே நான் 'ஒரு ஆச்சரியக்குறி' என்றும் 'ஒரு இங்கிலீஷ்காரர்' என்றும் எழுதியதற்கு இந்நேரம் இரண்டு பேர் தாள் எடுத்திருப்பார்கள்.

எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று உண்டு. 'தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை, அதனால் நம்ம பிள்ளைகளுக்கு வராது' என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள். பதுளைப் பிள்ளைக்கு அது வராமல் எங்கே போகும்? கடையில் போய் 'பொதக்' என்று கேட்டால் ஏதோ ஒரு புத்தகம். 'பொத' என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம். சிங்களத்தில் 'அ'வை முன்னால் போடாமல் பின்னால் வாலாக ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பஸ்ஸிலும் சந்தையிலும் நம்முடைய பிள்ளை பிழையில்லாமல் வாலை ஒட்டுகிறது, அறுக்கிறது. அந்தப் பிள்ளையை மாடியில் உட்கார வைத்து, 'தெரியாட்டி த போடு' என்று சொல்லிக் கொடுத்து மாதச் சம்பளம் வாங்குகிறோம். தெரியும் பிள்ளைக்குத் தெரியாது என்று கற்பிக்க ஒரு டியூட்டரி!

பிரதிப் பெயருக்கு வந்தால் கதை வேறு. பெரிய துரை ஒஃபீஸுக்கு வருகிறார் என்பதை 'ஹீ இஸ் கமிங்' என்று முதன்முதலில் எழுதியபோது எனக்குக் கை நடுங்கியது. பெரிய துரைக்கும் 'ஹீ', அவருடைய தோட்டக்காரனுக்கும் 'ஹீ'யா? எங்களுக்குள் 'அவரு', 'அவங்க', 'அவுக' என்று எத்தனை படி! அதனால்தான் நம்ம பிள்ளைகள் 'மை ஃபாதர் இஸ் அ டிரைவர். தே ஆர் வெரி குட்' என்று எழுதும். 'அப்பா ரொம்ப நல்லவங்க' என்பதன் நேர்ப் பெயர்ப்பு. மரியாதை தெரிந்த பிள்ளை. இதற்கு அடி வாங்கிய தலைமுறை எங்களுடையது. 2019இல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் அந்த வருடத்தின் சொல்லாக எதைத் தெரிந்தார்கள் தெரியுமா? 'தே'. ஒற்றை ஆளைக் குறிக்கும் 'தே'. அவர்கள் சொல்லும் காரணம் வேறு, நாங்கள் அடி வாங்கிய காரணம் வேறு. இருந்தாலும் அடியைத் திருப்பித் தர ஒருவரும் வரவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் நம்முடைய பிரதிப் பெயரைப் படித்த அழகையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னதுரைமாருக்கென்று ஏ.எம். ஃபெர்குசன் போட்ட தமிழ்க் கையேட்டின் பெயரே 'இங்கே வா'. வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. 'இங்கே வாருங்கள்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைக்கிற புத்தகம், இடம் போதாது போலிருக்கிறது. பெரட்டுக் களத்தில் நின்று, தாத்தா வயதுக் கங்காணியை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பிழைக்கு எவன் சிவப்பில் கீறினான்? எவன் மூன்று ஆச்சரியக்குறி போட்டான்? நாம் ஒரு 'த'வை விட்டால் மட்டும் நமக்கு நாமே தலையில் குட்டிக்கொள்கிறோம்.

என் அப்பாயி ஒரு தாளில் கொஞ்சக் காலம் ஆம்பிளையாக இருந்தார். 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. எண்ணிக்கையில் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள் பிரதிப் பெயரில் கவனமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்பாயியின் குடியுரிமைத் தாளில் எந்தப் புண்ணியவானோ தொடக்கம் முதல் முடிவு வரை 'ஹீ' என்று தட்டச்சுப் பண்ணிவிட்டான். மேலே ஒட்டிய படத்தில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கீழே 'ஹீ'. நான் தாளை வாசித்து விளங்கப்படுத்தியபோது அப்பாயி கோபப்படவே இல்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆம்பளன்னு எழுதுனவன் ஆம்பளச் சம்பளத்தையும் சேத்து எழுதியிருக்கலாம்ல?" என்றார். தோட்டத்தில் 1984 வரைக்கும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதை விடக் குறைந்த சம்பளம். 'ஹீ'க்கும் 'ஷீ'க்கும் உள்ள வித்தியாசத்தை ரென் அன்ட் மார்ட்டின்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. (அந்த ரென் 'பியூ ஜெஸ்ட்' என்று ஒரு பட்டாளக் கதை எழுதிப் பேரெடுத்தவர். அவருடைய இலக்கணத்தில் ஏன் எல்லாரும் அட்டென்ஷனில் நிற்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.)

'மை' இருக்கிறதே, அது இன்னும் மோசம். கட்டுரைத் தலைப்பு 'மை கார்டன்' என்று கொடுப்பார்கள். 'மை கார்டன் இஸ் த்ரீ ஹன்ட்ரட் ஏக்கர்ஸ். தேர் இஸ் அ துரை இன் இட்' என்று ஒரு பையன் எழுதினான். முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. 'மை' மட்டும்தான் பிழை. அதைத் திருத்த என் சிவப்புப் பேனா போகவில்லை. 'மை ஹவுஸ்' என்று எழுதச் சொன்னால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எழுதும். லயம் கம்பனியுடையது, அடியில் உள்ள நிலம் அரசாங்கத்துடையது. 2023இல் 'மலையகம் 200' என்று ஊர் ஊராய் விழா எடுத்தோம். வந்து இருநூறு வருடம் ஆன பிறகும் 'மை' என்ற சொல்லுக்கு உறுதி இல்லாமல்தான் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். வினாத்தாளில் அதற்கு ஒரு கோடு போட்டு விட்டால் நேர்மையாக இருக்கும்.

ஒரே விதி என்று சொன்னேனே. சொல்வதற்கு முன் ஒரு விதிவிலக்கு, வீடு. 'ஹோம்' என்றால் 'த'வும் இல்லை, 'டு'வும் இல்லை, 'கோ ஹோம்' அவ்வளவுதான். படுக்கைக்கும் இல்லை, கால் உடைந்த கட்டிலைத் திருத்தப் போனால் உண்டு. டவுனுக்கும் இல்லை. அது போகட்டும், இந்த விலக்குகளை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் விதியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதை இன்னொரு கட்டுரையில் வைத்துக்கொள்வோம். பிள்ளையின் தாளுக்கு நானே சிவப்புப் பேனாவால் ஒரு மார்க் கூட்டிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது எங்கேயும் செல்லாது என்று அவளுக்கும் தெரியும்.

வினாத்தாள் தயாரிக்கிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாருடைய அப்பா எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று தெரியாமல் இனி அவரை அங்கே அனுப்பாதீர்கள். எங்கேயாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் கோயிலுக்கு அனுப்புங்கள். எதற்குப் போனாலும் 'த' நிச்சயம், பிள்ளைக்கும் ஒரு மார்க் கிடைக்கும்.